மாமா அனுப்பிய மூன்று பாட்டில்கள்

கிறிஸ்துமஸ் விடுமுறையில், பாரிஸில் வசிக்கும் என் தாய்மாமா உறவினர்களையெல்லாம் கணினித் திரையில் கூட்டி, விஸ்கி ருசி பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். ஊருக்கு வந்தவர்களிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று சின்ன பாட்டில்களாக முன்பே கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா குடியை விட்டு எட்டு மாதமாகியிருந்தது; மாமாவுக்கும் அது தெரியும். கலந்துகொள்ளாவிட்டால் தன் பிறந்த வீட்டை அவமதித்ததாகிவிடும் என்று அம்மா கலங்கியதால், அப்பாவின் கோப்பையில் நான் பால் சேர்க்காத தேநீரை ஊற்றிவைத்தேன்.

திரையில் ஒவ்வொருவராக மோந்தார்கள், வாய்க்குள் உருட்டினார்கள், சப்புக்கொட்டினார்கள். அந்த ஈர ஓசைகள் ஒலிபெருக்கியில் பெருகி வந்தபோது நான் ஒலியைச் சற்றுக் குறைத்தேன்.

"மச்சான், நீ சொல்லு. இதுல நீதான நமக்கு வாத்தியாரு!" என்றார் மாமா.

அப்பா தேநீரை ஒரு மிடறு விழுங்கினார். புகை, மழையில் நனைந்த மரம், தொண்டையில் தாமதித்து எழும் சூடு என்று நிதானமாக விவரித்தார்.

"பாத்தீங்களா, மறப்பானா அவன்!" என்றார் மாமா.

எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு அருவருப்பான ஓசையை நான் அதுவரை கேட்டதில்லை. அப்பாவின் நெற்றி வியர்த்திருந்தது. விடைபெறாமலே கணினியை மூடினார்.

"மூணையும் கொட்டிடும்மா. என் கண்ணெதிரே கொட்டு."

சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். நெடி மேலெழுந்தது: அவர் சொன்ன அதே புகை, அதே நனைந்த மரம். அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"இன்னும் தண்ணி ஊத்து," என்றார்.