முட்டைக்காரர் வீட்டுச் சட்டம்

ஒரு டஜன் முட்டையைக் காகிதத்தில் பொதிந்து நூல் சுற்றுவதற்குள் முட்டைக்காரர் இரண்டு டஜன் யோசனை சொல்லிவிடுவார். “பையனுக்குப் பரீட்சையா? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடுங்க. புத்தகத்தையே மென்னு துப்புவான்!” சளி பிடித்தவருக்கு முட்டை, கோபக்காரக் கணவனுக்கும் முட்டை. எதிரில் நிற்பவர் வாய் திறக்க இடமிருக்காது.

இத்தனைக்கும் நாலு வயதுவரை அவருக்குப் பேச்சே வரவில்லையாம். பல் முளைக்குமுன் யாரோ முட்டை ஊட்டிவிட்டதால் நாக்குக் கட்டிக்கொண்டது என்பது அவருடைய பெரியக்காவின் தீர்ப்பு. “அப்ப சேத்து வச்சதத்தான் இப்பக் கடையில கொட்டுறாரு” என்பாள் மனைவி.

அதனால், ஆயிரம் முட்டை அடுக்கிய கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில் இரண்டரை வயது மகளுக்கு ஒரு முட்டை கிடையாது. பெரியக்காவின் பட்டியல் அதோடு நிற்கவுமில்லை. வாழைப்பழம் என்றால் சளி, பருப்பு மந்தம், மீன் சொறி. மிச்சமிருந்தது கஞ்சி. குழந்தை ஏன் இப்படி இளைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால், “எங்க வம்சமே ஒல்லிங்க” என்பார் முட்டைக்காரர், தொந்தியைத் தடவியபடி.

போன வாரம் குழந்தையை எடை பார்த்த நர்ஸ் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

“மூணு மாசமா எடை ஏறல. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரில சேக்கணும். முட்டை குடுக்கறீங்களா?”

“அது வந்து… பேச்சு நல்லா வந்துடட்டும்னு…”

“எம்பொண்ணுக்கு மட்டும் தினம் ரெண்டு குடுக்கச் சொன்னீங்களே!”

“உங்க வீட்டு நாக்கு வேற சிஸ்டர், எங்க வீட்டு நாக்கு வேற.”

“நாக்கு கெடக்கட்டும் அண்ணே. முதல்ல புள்ள தேறணும்ல?”



அன்று மதியம் கடைக்கதவை ஒருக்களித்துவிட்டு அவரே இரண்டு முட்டை அவித்தார். மகளுக்கு ஒன்று, தன் தைரியத்துக்கு ஒன்று. மகளை மடியில் வைத்து, நகத்தளவு கிள்ளி ஊட்டினார்.

“அப்பா சொல்லு.”

“அப்பா.”

இன்னொரு துணுக்கு. “பூனை சொல்லு.”

“பூன.”

மஞ்சள் கருவில் வாய் நிறைந்துவிட்டது. “அம்மா சொல்லு.” சத்தமில்லை. “அம்மா சொல்லு கண்ணு!” அவர் நெற்றி வியர்த்தது.

“முழுங்க விடுங்க முதல்ல!” என்றாள் மனைவி.

குழந்தை விழுங்கியது. உதட்டை நக்கியது. “இன்னும்” என்றது.

அந்தச் சொல்லை அது அதுவரை சொன்னதேயில்லை. முட்டைக்காரர் தனக்கென்று வைத்திருந்த முட்டையை எடுத்து முழங்காலில் தட்டினார்.