சந்தனம் பூசிய ஹெட்லைட்

கேமரா பிடித்த குற்றத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி 167-ஏ. டெம்போக்காரருக்கு அது வந்தது நாற்பத்தோராவது நாள். தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் நாட்களை எண்ணியதில்லை.

அவர் தாராவியில் தோல் பை பட்டறைகளுக்குச் சரக்கு ஏற்றுபவர். ஊர் நாங்குநேரிப் பக்கம். முலுண்டிலிருந்து செம்பூருக்கு நாங்கள் வீடு மாறியபோது சாமான்களைக் கொண்டு வந்தவர். அன்று ஏற்றுக்கூலி ரசீதில் நான் கண்டுபிடித்த மூன்று பிழைகளை அவர் மறக்கவில்லை. அதனால்தான் என்னைத் தேடி வந்தார்.

ஆயுத பூஜையன்று மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு, மாட்டுங்கா சிக்னலில், முகப்பு விளக்கு இல்லாமல் வண்டி ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. அவர் பெயரில் ஏற்கெனவே சில அபராதச் சலான்கள் இருந்தன. ஆகவே லைசென்ஸை மூன்று மாதம் ஏன் முடக்கக்கூடாது என்று போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது.

"லைட்டு எரிஞ்சுது சார். கருக்கல்ல லைட்டு போடாம ஓட்டுததுக்கு நான் என்ன கூறுகெட்டவனா?" என்றார். "மூணு மாசம் வண்டி நின்னா பட்டறைக்காரன் வேற டெம்போ பாத்துருவான். பொறவு நான் எங்க போவேன்?"

சலானில் இருந்த படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். இரண்டு விளக்குகளும் இருட்டாகத்தான் தெரிந்தன. இன்னும் பெரிதாக்கினேன். இருட்டின் மேல் மூன்று வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு பொட்டு.

"இது என்ன?"

"விபூதி சார். அடியில சந்தனம். பூசை போட்டம்லா."

"கண்ணாடி முழுக்கவா?"

"சாமிக்குப் போய் கஞ்சத்தனம் பாக்கலாமா சார்?"

வலது விளக்கின் கீழ் விளிம்பில், சந்தனம் எட்டாத இடத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் இருந்தது. விளக்கு எரிந்திருக்கிறது! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். விளக்கை மறைப்பது வேறு குற்றம். அதை அவர்கள் எழுதவில்லை. எழுதாத குற்றத்துக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குப் பொழுது போறதுக்கு அவர் லைசென்ஸ்தான் கெடைச்சுதா?"

நான்கு பக்க மனு தயாரானது. காலதாமதம், தவறான பிரிவு, படத்தில் போதாத தெளிவு என்று எல்லாம் இருந்தது. சந்தனம் மட்டும் இல்லை. "அங்க வந்து வாயத் திறக்காதீங்கோ, நான் பேசிக்கறேன்" என்று அவரிடம் சொல்லிவைத்தேன். அவர் தலையாட்டினார்.

போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை அதிகாரி ஒரு மராத்திப் பெண்மணி. மனுவின் முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதைப் புரட்டினார், மூன்றையும் நான்கையும் சேர்த்தே புரட்டினார். பிறகு என்னைத் தாண்டி டெம்போக்காரரைப் பார்த்து, "லைட் ஜல்தா தா க்யா?" என்றார். எரிந்ததா என்று அவ்வளவு நேராக யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ஜல்தா தா, மேடம். ஊபர் சந்தன் லகாயா. பூஜா தா."

எரிந்ததையும் மேலே சந்தனம் பூசியதையும் சொல்லியே விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கு பக்கமும் போயிற்று.

"தசராவுக்கு நானும் என் ஸ்கூட்டருக்குக் குங்குமம் வைக்கிறேன்" என்றார் அந்த அம்மாள் இந்தியில். "ஹெட்லைட் மேல் வைப்பதில்லை." படத்தைத் தன் திரையில் பெரிதாக்கினார். அந்த மஞ்சள் கீற்றை அவரே கண்டுபிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "படித்தவர் நீங்கள். இதை ஏன் எழுதவில்லை?"

முப்பத்தாறு வருடம் அலுவலகத்தில் மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி அது.

ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, நடந்ததை ஒரே வரியில் எழுதச் சொன்னார். எழுதினேன். டெம்போக்காரர் கையெழுத்திட்டார். உத்தரவு வரும்வரை வண்டியை ஓட்டலாமா என்று கேட்டார். உத்தரவு வரும்வரை லைசென்ஸ் செல்லும், அதற்கு விதி இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். "ஓட்டுங்கள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு" என்று அந்த அம்மாள் முடித்துவிட்டார்.

அதன்பிறகு தினமும் டெம்போக்காரர் போன் செய்து, "வந்துட்டா சார்?" என்று கேட்பார். நானும் தினமும் தபால் பெட்டியைத் திறப்பேன். இரண்டு நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன். அவற்றுக்குப் பதில் இல்லை.

கடைசியில் உத்தரவு வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, எச்சரிக்கையுடன் நடவடிக்கை கைவிடப்படுகிறது. அந்த ஒரு வரி மனுவைக் குறிப்பிட்டிருந்தார்கள். என் நான்கு பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அலுவலகங்கள் பழைய கோப்புகளையெல்லாம் அவசரமாக முடித்துத் தள்ளும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அது.