குடைக்காரரின் நாலு கட்டம்

ஈப்போவில் இப்போது படக்கதை வரைகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பழைய டவுனில் ஒரு கடை வீட்டின் மாடியில் அவ்வப்போது கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு மேசை. மலாய்ப் பையன் ஒருவன் பூனைகளாகவே வரைகிறான். சீனப் பெண் ஒருத்தி கோப்பிக் கடைக் கிழவர்களை வரைந்து, அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள். போன மாதம் என் மருமகளுக்கும் அங்கே ஒரு மேசை கிடைத்தது. மேசைக்குப் பின்னால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். சும்மா போடவில்லை. அங்கே இருந்த பிள்ளைகள் யாரும் பிறப்பதற்கு முன்பே நான் சீனப் பத்திரிகையில் படக்கதை படித்தவள்.

சிரிக்காதீர்கள். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடிந்ததும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் சீனம் படித்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் எஸ்டேட் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகவேண்டும். இப்போது போனால் ரப்பர் பால்மரமும் இல்லை, நாங்கள் இருந்த லயமும் இல்லை, வரிசையாகத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். அப்போது எஸ்டேட் முனையில் ஒரு சீனர் கடை இருந்தது. கடைக்காரரைத் தவுக்கே என்போம். கருவாடு வாங்கினால் பழைய சீனப் பத்திரிகையில் சுற்றித் தருவார். சில தாளில் படக்கதை இருக்கும். நாலே கட்டம். ஒல்லியாக ஓர் ஆள், வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. அவருக்குக் குடைக்காரர் என்று நானே பெயர் வைத்தேன். கருவாடு அம்மாவுக்கு, தாள் எனக்கு. ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பாய்க்கு அடியில் நீவி வைப்பேன். எத்தனை வெயில் பட்டாலும் அந்த நாற்றம் போகாது. எங்கள் பாயில் படுத்தால் கருவாட்டுக் கூடையில் படுத்த மாதிரி இருக்கிறது என்று அப்பா சொல்வார்.

காலையில் பெரியவர்கள் பால் எடுக்க மரம் வெட்டப் போனதும் சின்னப் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விடுவார்கள். தம்பியோடு நானும் போவேன். பிள்ளைகள் அழுதால் தாளை விரித்துக் கதை சொல்வேன். படத்துக்குக் கீழே உள்ள சீன எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்வேன், வாசிப்பது போல. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஆயா அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை சீனமே படிக்கிறது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். எஸ்டேட் கணக்குப் பார்க்கிற கிராணியின் மனைவிகூட என்னை நிறுத்திக் கேட்டார். அதற்குப் பிறகு என் நடையே மாறிவிட்டது என்று அம்மா சொல்வார். எனக்கு ஒன்பது வயது.

என் கதைகளில் ஒரு விசேஷம் உண்டு. கெட்டது முதலில் வரும், நல்லது கடைசியில் வரும். உடைந்த ஜாடி கடைசிக் கட்டத்தில் முழுசாக இருக்கும். திருடன் கோழியைக் கொண்டுவந்து கூண்டில் விட்டுவிட்டுப் போவான். சீனர் கதை அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். நல்ல மனிதர்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அடைமழை. அம்மா இரண்டு வாளிப் பாலையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு மலைக்காட்டிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. எஸ்டேட் லோரியில் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று எங்களை அழைத்துப் போகவில்லை. தம்பிக்கு நாலு வயது. சோற்றைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். அழவும் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்பா டின்பாலில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஆயா அவன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் இவனையும் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கவேண்டும் என்றார்.

நான் பாயைத் தூக்கித் தாள்களைத் தேடினேன். கிடைத்தது. முதல் கட்டத்தில் குடைக்காரர் கட்டிலில் படுத்திருக்கிறார், காலில் கட்டு, காலைக் கயிற்றில் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறது. இரண்டாவதில் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்றாவதில் கையும் காலும் காற்றில் இருக்கிறது. நாலாவதில் குடையைச் சுழற்றிக்கொண்டு நடந்து போகிறார். தம்பியை மடியில் வைத்துச் சொன்னேன். பாரு, கால் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று தூக்கி வந்தார்கள். சந்தோஷத்தில் குதித்தார். குடையை எடுத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார்.

அவன் நாலாவது கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். கட்டத்துக்கு ஒரு கவளம். நாலு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அன்றிலிருந்து அந்தத் தாளை அவன் கையைவிட்டு வாங்க முடியவில்லை.

ஒரு நாள் உப்பு வாங்கத் தவுக்கே கடைக்குப் போனேன். தம்பி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுத் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டிருந்தான். தவுக்கேயின் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், சீனப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். சிரித்தாள். "சாலா லா," என்றாள். மலாயில் தப்பு என்று அர்த்தம். தம்பியின் விரலைப் பிடித்து வலது ஓரத்தில் வைத்து, அங்கிருந்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள். குடைக்காரர் நடக்கிறார். சறுக்கி விழுகிறார். தூக்கிப் போகிறார்கள். கட்டிலில் கிடக்கிறார். சீனத்தில் அப்போது அப்படித்தான், வலமிருந்துதான் படிக்கவேண்டுமாம். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

தம்பி விரலை உருவிக்கொண்டான். "அக்கா, குடைக்காரரு கடைசியில படுத்துக்கிட்டாரா?" என்று கேட்டான்.

நான் தாளைப் பிடுங்கினேன். அது உங்கள் ஆளுக்கு, எங்கள் ஆளுக்கு இந்தப் பக்கமிருந்துதான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். அவள் விடவில்லை. எழுத்தைக் காட்டி மறுபடியும் சாலா என்றாள். அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அதனால்தான் அவ்வளவு கோபம். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கால் என்று சொல்லி என் காலையே கையால் அடித்துக் காட்டினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. உப்பு வாங்காமலே தம்பியை இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

அதற்கும் அடுத்த நாள் அந்தப் பெண் எங்கள் லயத்துக்கு வந்தாள். அதற்கு முன் அவள் வந்ததே இல்லை. நாய்கள் குரைத்தன. என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். பிரித்துப் பார்த்தேன். அதே குடைக்காரர் கதை. கருவாடு சுற்றாத புதுத் தாள். அதை நாலு துண்டாக வெட்டி வைத்திருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்குப் படிக்கத் தெரியாது, உனக்கு இது போதும் என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். நல்ல தாளையும் வெட்டிக் கெடுத்துவிட்டாளே என்று துண்டுகளை வாசலில் வீசினேன். தம்பி போய்ப் பொறுக்கினான். தரையில் உட்கார்ந்து கட்டிலை முதலில் வைத்தான், தூக்கி வருகிறவர்களை அடுத்து வைத்தான், குதிக்கிறவரை வைத்தான், குடையைக் கடைசியில் வைத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். நான் ஓடிப்போய்ச் சோற்றைப் பிசைந்தேன்.

அம்மா இரண்டு மாதம் கழித்து வந்தார். குதிக்கவில்லை. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். குடை அப்பா கையில் இருந்தது. தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. மலைக்காட்டுக்கு மட்டும் அம்மா அதற்குப் பிறகு போகவில்லை, ரோட்டோர மரங்களைக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணோடு நான் பேசவே இல்லை. கடைக்குப் போனால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவளும் உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நாளில் தவுக்கே கடையை விற்றுவிட்டு ஈப்போ டவுனுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

இந்தக் கதையை என் மருமகளிடம் ஒரு குறையாகத்தான் சொன்னேன், பார் எவ்வளவு திமிர் அவளுக்கு என்று. மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள், எப்படி வெட்டியிருந்தாள் என்று. நேராக வெட்டியிருந்தாள், கட்டத்துக் கோட்டில் கத்தரி படவே இல்லை, நாலும் ஒரே அளவு என்றேன்.

"கெடுக்க நெனைக்கிறவங்க அப்படி வெட்ட மாட்டாங்க, அத்தை," என்றாள்.

எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

போன மாதம் மருமகள் தன் மேசையில் வைத்த படக்கதை அதுதான். நாலு அட்டை, நம்பர் கிடையாது, கோப்பிக் கடையில் கேட்டு வாங்கின சீனப் பத்திரிகையில் கருவாட்டுப் பொட்டலம் போலச் சுற்றியிருந்தாள். வந்தவர்கள் பிரித்து மேசை மேல் இப்படியும் அப்படியும் மாற்றி வைத்துச் சிரித்தார்கள். ஒரு பத்திரிகைக்காரப் பிள்ளை, இந்த அம்மாதான் அது என்று சொல்லி என்னைப் படம் எடுத்தான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். தைப்பிங்கிலிருந்து தம்பியும் வந்திருந்தான், அவனுக்கு இப்போது தலை முழுக்க நரை. அந்தக் கதை எதுவும் ஞாபகமில்லை என்றான். அட்டைகளைக் கையில் கொடுத்தேன். பேசிக்கொண்டே கட்டிலை முதலில் வைத்தான்.

மாடிப்படி ஏறி வந்த என் வயதுச் சீனப் பெண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நாற்றமில்லாத நல்ல தாள் ஒன்று வீணாகிவிட்டதே என்பதுதான்.