சூடம் தேர்ந்தெடுத்த படகு

துறைமுகத் தொழிலாளர் சங்கச் செயலாளருக்குத் தொண்டை பெரிதாக இருக்க வேண்டும். தோல் அதைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும். சங்கப் பொறுப்பில் மாட்டிக்கொண்டு அவதிப்படும் தோழர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலாக்காவில் ஆழமில்லை, கப்பல்கள் தூரத்தில் நின்றுவிடும். தொங்காங் என்ற சரக்குப் படகில் போய் நாங்கள் மூட்டை இறக்க வேண்டும்.

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில், கம்பெனியிடம் மிதவை கேட்டோம். நீச்சல் பழகச் சொன்னார்கள். அடுத்து, நன்றாக நீந்தத் தெரிந்த ஆரோக்கியம் மூழ்கிப் போனான். அவன் கவனக்குறைவு என்றார்கள். அதற்குப் பிறகு, காப்புப் படகு கேட்டோம். சுதந்திரம் வரட்டும் என்றார்கள். மெர்டேக்கா என்று சுதந்திரமும் வந்தது, படகு வரவில்லை. வேலைநிறுத்தம் என்று துண்டுப் பிரசுரம் அடித்தேன். உடனே வந்தது, அதுவும் இரண்டாக!

எது வேண்டும்?

இரண்டும் பட்டாளம் கழித்துவிட்ட, காற்றடைத்த ரப்பர் படகுகள். ஒன்று பெரியது, முழுக்க ரப்பர், பளபளப்பு. மற்றது சிறியது, அழுக்கு. ஆனால் அடியில் கெட்டியான மரப்பலகை. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார் மானேஜர்.

காஜா பேராங் பகுதியில் இருந்த சங்க அறையில் கூட்டம் போட்டோம். பலகை உள்ளதுதான் அலையைத் தாங்கும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். எல்லோர் கண்ணும் பளபளப்பின் மேல்தான். தொங்காங் ஓட்டும் தண்டல் வீராசாமி எழுந்தார். "செயலாளரே, பொண்ணு பார்க்கப் போனாலும் நீங்க பலகையத்தான் தட்டிப் பார்ப்பீங்க போல!"

பூசை

மறுநாள் ஆற்றங்கரையில் கைதூக்கி முடிவெடுப்பதாக ஏற்பாடு. பூசை போடாமல் படகில் கால் வைக்கக்கூடாது என்றார் வீராசாமி. பாரபட்சம் கூடாதென்று இரண்டுக்கும் பொட்டு வைத்து, இரண்டின் முனையிலும் வெற்றிலை வைத்துச் சூடம் ஏற்றினார். வெற்றிலை சுருண்டது. ரப்பர் நாறியது. பெரிய படகு புஸ்ஸென்று ஆப்பமாய்ப் படுத்துவிட்டது.

சிறியதற்கும் ஓட்டைதான். ஒரு பக்கம் தொய்ந்தது. பலகையும் மறுபக்கக் காற்றும் அதைத் தண்ணீரில் நிறுத்தின. மலாக்கா செட்டி வம்சத்தவரான எங்கள் தோழர் பிள்ளை அதில் ஏறிக் குதித்துப் பார்த்தார். அவர் பெயரில்தான் தமிழ், பேச்சு மலாய். "மாசி ஹிடுப் லா!" என்று கத்தினார். இன்னும் உயிரோடு இருக்கிறதாம். கைதூக்க அவசியமே இல்லாமல் போயிற்று. சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுக்கொண்டோம்.

பெயர்

ஒருநாள் மதியம் சுமாத்ராப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. தொங்காங்கிலிருந்து சின்னையா கடலில் விழுந்தான். பிள்ளையும் வீராசாமியும் பலகைப் படகில் போனார்கள். மழைத்திரையில் ஒன்றும் தெரியவில்லை. கரையில் சின்னையாவின் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த பிரசுரக் கட்டை அவள் தலைமேல் குடையாகப் பிடித்தேன்.

ஆள் காணாமல் போனால், சாட்சிகள் முன் பெயர் வாசித்துப் பதில் வராவிட்டால் பதிவேட்டில் அதை அடித்துவிடுவது கம்பெனி வழக்கம். மானேஜர் அவசரப்பட்டார். என்னையும் சுங்கக் காவலரையும் சாட்சியாக நிறுத்திவிட்டு, கணக்கெழுதும் கிராணி பதிவேட்டை விரித்து வாசித்தார்: "மாரிமுத்து மகன் சின்னையா!"

மழைக்குள்ளிருந்து, இருமலோடு குரல் வந்தது: "இருக்கேன் கிராணியாரே, அடிச்சிடாதீங்க!"

இத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தி நாங்கள் முழுதாக வாங்கியது, பெயர் வாசித்தால் ஆளே பதில் சொல்லும் இந்த ஒரு சலுகையைத்தான்.