ஓரத்தில் நின்றவர்

போன வருடம், பொங்கல் கழிந்து சில வாரங்கள் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை காலை. சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் கடற்கரையில், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை ட்ரோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது தாம்பரத்தை ஒட்டிய சிட்லபாக்கத்தில். கல்யாண வீடியோக்களுக்கு ட்ரோன் ஓட்டுவதும், எடுத்ததை வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்வதும்தான் என் பிழைப்பு. தாம்பரத்தைச் சுற்றி ட்ரோனைப் பறக்கவிட முடியாது. ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் விமான நிலையம். அதனால் எங்கள் பக்கத்து ஜோடிகள் விடியும் முன்பே காரில் கிளம்பி இப்படிக் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள்.

அன்று அந்தப் பெண்ணுக்கு ஒரே ஓர் ஆசைதான். "அக்கா, அலையெல்லாம் பால் மாதிரி வழுவழுன்னு வரணும்." அதற்கு லென்ஸின் மேல் கூலிங் கிளாஸ் மாதிரி ஒரு கறுப்பு ஃபில்டரை மாட்ட வேண்டும். ஷட்டர் வேகத்தையும் குறைக்க வேண்டும். அப்படி வைத்தால் அசையாமல் நிற்பது தெளிவாக விழும். அசைவது எல்லாம் லேசாகக் கலங்கி, இழுபட்டுத் தெரியும். அலைக்கு அது அழகு. அப்படியே வைத்தேன். ஜோடியை மணலில் நிற்கச் சொல்லி, அவர்களைச் சுற்றி ட்ரோனை வட்டமடிக்க விட்டேன். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது கையிலிருந்த சின்னத் திரையை மட்டும்தான். அதிலும் அவர்கள் இருவரும் நடுவில் இருக்கிறார்களா என்பதை மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து, நன்றாக வந்த ஷாட்டுகளை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சூப்பரா இருக்குக்கா. அந்த ரவுண்டு ஷாட்ல மட்டும் ஓரத்துல ஒருத்தர் இருக்காரே, அவரைத் தூக்கிட முடியுமா?"

இது வாரம் தவறாமல் வரும் வேண்டுகோள்தான். ஷாட்டைத் திரையில் பெரிதாக்கினேன். ஜோடிக்குப் பின்னால், தண்ணீருக்குப் பக்கத்தில் ஓர் ஆள். வெளிர்மஞ்சள் சட்டை, கறுப்பு பேண்ட், தோளில் பச்சைத் துணிப்பை. ஆளைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த இடத்தில் மணலையும் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். பிற்பகல் முழுக்க அதே வேலை. ட்ரோன் வட்டமடித்ததால் அவர் வருவார், மறைவார், மறுபடி வருவார். கடைசி சுற்றில் அவர் இல்லை. ஒரு சுற்றுக்கு வேலை மிச்சமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தேவாலய சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா சனிக்கிழமை காலை வீட்டை விட்டுப் போனவர், மறுநாள் கோவளத்துக்குப் பக்கத்தில் கரை ஒதுங்கியிருக்கிறார். அடக்கமும் முடிந்துவிட்டது. அப்பாவின் போட்டோவையும் போட்டிருந்தாள். "அன்று காலை கோவளத்தில் இருந்தவர்கள் யாராவது அப்பாவைப் பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வெளிர்மஞ்சள் சட்டை, தோளில் பச்சைத் துணிப்பை."

உடனே கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அழித்தது ஒரு பிரதியில்தான். அசல் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றில் மணலில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த சுற்றில் எழுந்து நிற்கிறார், குனிகிறார், கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருக்கிறார். அப்புறம் தண்ணீருக்குள் இறங்குகிறார். அவருக்கு முன்னால் அலையில் நீலமாக ஏதோ ஒன்று போகிறது. அதைப் பார்த்து அவர் கையை நீட்டுவது போல ஓர் அசைவு. அதற்குள் கேமரா திரும்பிவிடுகிறது. திரும்பி வரும்போது கடல்தான் இருக்கிறது. ட்ரோன் வீடியோவில் சத்தம் பதிவாகாது. அவர் கூப்பிட்டாரா இல்லையா என்று அதில் தெரிய வழியில்லை.

அந்த நீலம் செருப்பா, பிளாஸ்டிக் பையா, ஒன்றும் புரியவில்லை. நான் வைத்த ஷட்டர் அதை வெறும் தீற்றலாக்கியிருந்தது. கலங்கிய படத்தைத் தெளிவாக்கும் ஏஐ மென்பொருள் ஒன்று என்னிடம் உண்டு. அதில் போட்டேன். நீலத் தீற்றல் அச்சு அசலாக ஒரு செருப்பாகிவிட்டது. வார் கூடத் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். மென்பொருள் அங்கே வேறு யாரோ ஒருவரின் முகத்தை வரைந்து வைத்திருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முகத்தை இட்டுக்கட்டிய ஒன்று செருப்பை மட்டும் உள்ளபடியா காட்டியிருக்கும்? வெகுநேரம் யோசித்துவிட்டு அதை அழித்தேன். பிறகு, செய்தி அனுப்பிய அந்த மகளுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் மாலை அம்மாவும் மகளுமாக வந்தார்கள். அம்மாவுக்கு அறுபது வயதிருக்கலாம். மகள் ஏதோ அலுவலகத்திலிருந்து நேராக வந்தவள் போல அடையாள அட்டையைக் கழற்றாமலே இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"போலீஸ்ல தண்ணியில தவறி விழுந்துட்டாருன்னு எழுதிட்டாங்கக்கா. ஆனா எனக்குத் தெரியணும்" என்றாள். "நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னதுலேருந்து அப்பா என்கிட்ட பேசவே இல்ல. அன்னிக்குக் காபி கூடக் குடிக்காம போனார். கோவளத்துக்கு ஏன் போனாருன்னு எங்களுக்கே தெரியல."

அப்பா வேண்டுமென்றே கடலுக்குள் போனாரா என்று அவள் கேட்க வந்தது அதற்குள் இருந்தது. அம்மா இருட்டாக இருந்த கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்லிடறேன்" என்றேன். "இதுல முகம் தெரியாது. கடைசியில என்ன ஆச்சுன்னும் தெரியாது. நான் எதையும் மாத்தல. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி, அவரைப் பெருசாக்கி வச்சிருக்கேன்."

மஞ்சள் சட்டை திரையில் வந்ததும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். படம் முடிந்தது. கடல் மட்டும் இருந்த அந்தச் சுற்றும் முடிந்தது.

பிறகு அம்மா கேட்டார். "அந்த நீலமா போச்சே, அது அவர் செருப்பாம்மா? அவரு போட்டுட்டுப் போனதும் நீலச் செருப்புதான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்குத் தெரியல ஆன்ட்டி. நீலமா ஏதோ போகுது. அதுக்குப் பின்னாடி அவர் போறார். அவ்வளவுதான் படத்துல இருக்கு."

அவர் தலையசைத்தார். "திரும்பப் போடும்மா."

போட்டேன். அவர் குனியும் இடத்தில் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நிறுத்து. இங்க நிறுத்து. பேண்ட்ட மடிச்சு விடறாரு."

நிறுத்தினேன். குனிந்தவர் அசையாமல் இருந்ததால் அந்த இடம் மட்டும் கலங்காமல் இருந்தது. செருப்பைக் கழற்றுகிறார் என்றுதான் நான் இத்தனை முறையும் எண்ணியிருந்தேன். அம்மா விரலை வைத்துக் காட்டினார். ஒரு காலில் கறுப்பு, பாதம் வரை இருந்தது. மற்றக் காலில் முழங்கால் வரை கறுப்பே இல்லை, வெறும் கால்.

"மழைன்னா போதும், வாசல்லயே நின்னு இப்படித்தான் மடிப்பாரு. ரெண்டு காலும் ஒரே அளவுக்கு வரணும். பஸ் போயிடும்னு நான் கத்துவேன்." அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பாருடி. நனையக் கூடாதுன்னு மடிச்சு விடறாரு. வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆளுதானே நனையக் கூடாதுன்னு பார்ப்பாரு?"

மகள் அப்போதுதான் அழுதாள். அம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அழுகை அடங்கியதும் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"நீங்க அங்கேயேதானே இருந்தீங்க, அக்கா?"

"ஆமாம்மா."

"யாருமே பார்க்கலையா?"

"பார்க்கலம்மா. நாங்க யாருமே அந்தப் பக்கம் பார்க்கல."

பாட்டு சத்தமாக இருந்தது, ட்ரோன் இரைச்சல் வேறு என்றெல்லாம் சொல்ல வந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

போகும் முன் அந்த வீடியோவைக் கேட்டார்கள். மகள், "மடிச்சு விடற இடத்தோட கட் பண்ணிக் குடுங்கக்கா. அதுக்கு அப்புறம் இருக்கறது வேணாம்" என்றாள். அம்மா சம்மதிக்கவில்லை. "எனக்கு முழுசும் வேணும்மா. கடைசியா அவர் தண்ணிக்குள்ள போறதுதான் இருக்குன்னா, அதுவும் வேணும்." இரண்டு பென் டிரைவில் இரண்டு விதமாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரே வீட்டுக்குள் இருக்கப்போகிற அந்த இரண்டையும் மாற்றி எடுத்துவிடக் கூடாதே என்று, மகளுடையதில் மட்டும் ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன்.

கல்யாணப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஷாட்டே வேணாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போதும் மாதம் ஒரு தடவையாவது வேலைக்காகக் கோவளம் போகிறேன். பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன். ட்ரோன் மேலே இருக்கும்போது, திரையைப் பார்க்காமல் கரையைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளைக் கூடவே அழைத்துப் போகிறேன். அப்பாவை இழந்த அந்த மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. அன்று அந்த அம்மா கண்டது உண்மையா, உண்மையாக இருந்தாக வேண்டும் என்று அவர் பிடித்துக்கொண்டதா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால், பிற்பகல் முழுக்க ஒரு மனிதரை அணு அணுவாக உற்றுப் பார்த்த எனக்கு அவர் அழிக்க வேண்டிய ஓர் உருவமாக மட்டுமே தெரிந்தார் என்பதும், அவரோடு வாழ்ந்தவருக்கு மட்டும் அவர் வீட்டுக்குத் திரும்ப நினைத்த மனிதராகத் தெரிந்தார் என்பதும் இன்னும் என் மனதைப் பிசைந்துகொண்டே இருக்கின்றன.