ஏலத்துக்கு முன்பே விற்ற வீடு

மயிலாடுதுறையில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் வாராக்கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, செல்வகுமார் என்பவர் மனைவியோடு வந்து வீட்டுச் சாவியை என் மேசையில் வைத்தார்.

“எடுத்துக்குங்க மேடம். இதோட கடன் தீர்ந்துச்சுல்ல?”

சிங்கப்பூரில் வெல்டராக இருந்தவர். முதுகில் அடிபட்டு ஊர் திரும்பியபின் தவணை நின்றுபோனது. முழுக் கடனையும் கட்டச் சொல்லி நாங்கள் அனுப்பிய டிமாண்ட் நோட்டீஸின் அறுபது நாள் கெடுவில் பாதி கழிந்திருந்தது. மனைவி கலைவாணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சாவியைத் தொடவில்லை. “தீராதுங்க. நாங்க எடுத்தா பேப்பர்ல விளம்பரம் போட்டு ஏலம் விடுவோம். கொறைச்சுத்தான் கேப்பாங்க. ஏலச் செலவும் உங்க தலையிலதான். பணம் பத்தலைன்னா மீதிய உங்ககிட்டயே கேப்போம்.”

அவர் சாவியைத் திரும்பக் கையில் எடுத்தார். “அப்ப என்னதான் பண்றது?”

“நீங்களே ஆள் பாத்து வித்துடுங்க. கடனுக்குக் கொஞ்சம் கொறஞ்சாலும் ஹெட் ஆபீஸ்ல செட்டில்மென்ட் கேட்டுப் பாக்கலாம். ஒத்துக்கிட்டா மீதிய கேக்க மாட்டோம். ஆனா ரெண்டு வழியிலயும் கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும்.”

எங்கள் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. “ஏலம்னா ரூல்படி முடிஞ்சுடும். இதுக்கு யாருங்க அலையறது?” என்றார். நான் அலைகிறேன் என்றேன்.

பத்து நாளில் ஒரு பள்ளி ஆசிரியர் தரகரோடு வீடு பார்க்க வந்தார். நானும் போயிருந்தேன். எல்லாம் பார்த்துவிட்டு, “ஏலத்துக்கு வந்தா இன்னும் கொறைச்சலா கெடைக்குமே,” என்றார்.

கலைவாணி அவரை வாசலுக்குக் கூட்டிப்போனார். “இது வயலா இருந்த எடம் சார். அடைமழையில தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும்.”

தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அதுக்குத்தான் அஸ்திவாரத்த மூணடி தூக்கினோம். உள்ள ஒரு சொட்டு வந்ததில்ல. பக்கத்து வீட்டுல கேட்டுக்குங்க. ஏலத்துல எடுத்தா இதையெல்லாம் உங்ககிட்ட யாரு சொல்லுவா?”

ஆசிரியர் பக்கத்து வீட்டில் விசாரித்தார். திரும்பி வந்து நியாயமான விலை சொன்னார். அப்படியும் கடனுக்கு ஒன்றரை லட்சம் குறைந்தது. செல்வகுமாரின் மருத்துவச் சான்றுகளை இணைத்து ஹெட் ஆபீசுக்கு மூன்று முறை எழுதினேன். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒப்புதல் வந்தது.

பத்திரப்பதிவு முடிந்து எதிர் ஓட்டலில் உட்கார்ந்தோம். கலைவாணி கொஞ்சம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டைப் பற்றிப் பேசினார். செல்வகுமார் இரண்டாவது தோசை கேட்டார். “ரெண்டு மாசமா பசியே இல்ல மேடம். இன்னைக்குத்தான் பசிக்குது.”

அன்று மாலை எங்கள் நோட்டீஸை எடுத்துப் படித்தேன். நான்கு பக்கத்தில் சட்டம் இருந்தது. நீங்களே விற்கலாம் என்ற ஒரு வரி இல்லை. இத்தனை வருடம் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் நான். மறுநாள் முதல் ஒவ்வொரு நோட்டீஸோடும் தமிழில் ஒரு தாள் சேர்த்தேன். மேனேஜர் படித்துவிட்டுச் சீல் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை மடித்துப் பிடித்தபடி ஓர் அம்மா உள்ளே வந்தார்.

“நாமளே விக்கலாம்னு போட்ருக்கே, நெசந்தானுங்களா?”

“நெசந்தான், உக்காருங்க,” என்றேன்.