அண்ணனின் முதுகுக்கு நான் எழுதிய கடிதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பூஜை முடித்துப் பேனாவை எடுப்பேன், கை வராது. ஒன்பதாவது வரை படித்தவன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைத் துடைக்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சீனத்து அம்மாள் வந்து செல்களுக்குச் சாப்பாடு வைப்பார். இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் சாப்பாடு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் முதிர்ந்த செல்களையும், எலும்பு மஜ்ஜையில் எடுத்த, இன்னும் ஒரு வேலையும் பழகாத இளசான ஸ்டெம் செல்களையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்கிறார்களாம். முதிர்ந்ததோடு இருந்து இளசு அதன் வேலையைக் கற்றுக்கொள்ளுமாம். ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஏன் அடித்துக்கொள்கிறாய் என்று பதறிப்போனார். மனுஷனுக்கு எப்போது என்று கேட்டேன். முதலில் முயலுக்கு, அப்புறம் எத்தனை வருஷமோ என்று கைவிரித்தார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

அப்போது ஆரணியில் அண்ணன், முப்பது வருஷம் குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்து, டிஸ்க் நசுங்கிக் கிடந்தார். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று வேலூர் டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அண்ணனுக்குக் கத்தி என்றால் நடுக்கம். நான் கடிதம் போட்டேன். தறியில் தீரப்போகும் பாவு நூலின் நுனியில் புதுப் பாவு நூலை இழை இழையாய் முறுக்கிச் சேர்க்கிறோமே, அந்த மாதிரி வைத்தியம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மனம் குளிரட்டுமே என்று, சீக்கிரம் வந்துவிடும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

பாவு பிணைப்பதை அண்ணன் நாள்தோறும் கண்ணால் பார்த்தவர். அப்படியே நம்பினார். ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். எட்டு மாதத்தில் இரண்டு காலும் விளங்காமல் போயின. மூத்திரத்துக்கும் டியூப்.

லீவில் போனேன். கட்டிலில் கிடந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

"கொண்டாந்தியாடா?"

அண்ணி பையைத் திறந்தார். சோப்பு, சாக்லேட், தைலம். தைலத்தை அண்ணன் கையில் வைத்தார்.

"இதாங்க இருக்குது. தேச்சா கால் வருமான்னு உங்க தம்பிய கேளுங்க. லெட்டர் எழுதுனாருன்னா சரியாத்தான் இருக்கும்."

அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. அம்மன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

திரும்பி வந்த வாரம், தட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது, பிளீச் ஊற்றிக் கொட்டு என்று அந்த அம்மாள் சொன்னார். கொட்டினேன். இன்றைக்கும் கை இங்கே தரை துடைக்கிறது. காது ஆரணியில், அண்ணியும் பிள்ளைகளும் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கிறீச்சிடும் கட்டிலில் கிடக்கிறது.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு, தெரியாமல் எழுதிவிட்டான் என்று சேர்க்காதீர்கள். தெரிந்துதான் எழுதினேன்.